போனவர்கள் எங்கே போகிறார்கள்?



ஆடி அமாவாசை நெருங்கும் நாட்களில் எங்கள் கிராமக் கூட்டங்களில் பேச்சு மாறிவிடும். தகப்பனை இழந்தவர்கள் கீரிமலைக்குப் போவதைப் பற்றியும், விரதச் சமையலுக்குக் காத்தோட்டிக்காய் எங்கே கிடைக்கும் என்பதைப் பற்றியும் கதைப்பார்கள். சிலர் மட்டும் அந்தக் கதையில் கலந்துகொள்ள மாட்டார்கள். எல்லோரும் எழும்பிப் போன பிறகு கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். “பிள்ளை, அந்தியேட்டி செய்யாத ஆத்துமா எங்கை போகும்?”

இந்தக் கேள்வியை நான் பல வாய்களிலிருந்து கேட்டிருக்கிறேன். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, தென்மராட்சியில் மாமியாரை அவசரமாக எரித்துவிட்டுச் சாம்பல்கூட அள்ளாமல் நடந்தவர் கேட்டார். 2009இல் முள்ளிவாய்க்காலில் மகனைப் பதுங்குகுழிக்குள்ளேயே வைத்து மூடிவிட்டு வந்த தாய் கேட்டார். சரணடையப் போன கணவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவர், இந்தக் கேள்வியைக் கேட்பதே பாவமோ என்று பயந்தபடி கேட்டார்.

சொர்க்கம், நரகம் என்பவை கோயில் பிரசங்கத்தில் கேட்டுவிட்டு மறந்துபோகும் சொற்களாகப் பலருக்கு இருக்கலாம். இந்தச் சகோதரிகளுக்கு அவை இரவு நித்திரையைக் கெடுக்கும் சொற்கள். ஆகவே இம்மாதம் அதைப் பற்றியே எழுதுகிறேன். நான் சமயம் போதிப்பவள் அல்ல. சமூகவியல் படித்துவிட்டுச் சமூகப் பணிக்கு வந்தவள். நான் படித்ததையும், உங்களிடம் கேட்டதையும், நான் நம்புவதையும் மட்டுமே இங்கே சொல்கிறேன்.

முதலில் எங்கள் ஊர் வழக்கத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துச் சைவ வீடொன்றில் மரணம் நிகழ்ந்தால் எத்தனை காரியங்கள் நடக்கின்றன! திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடிக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்கிறார்கள். வாய்க்கரிசி போடுகிறார்கள். மகன் கொள்ளி வைக்கிறான். பிறகு காடாத்து. பிறகு எட்டுச்செலவு, அதில் இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைக்கிறார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. கீரிமலையில் கிரியை முடித்து வந்து, வீட்டுக்கிருத்தியத்துக்கு ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்து, கல்வெட்டு அச்சடித்துக் கையில் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு படியும் போன உயிரை ஒரு அடி முன்னுக்கு அனுப்பி வைப்பதாகவே நாங்கள் நம்புகிறோம்.

வயது போய், வீட்டில், பிள்ளைகள் சூழ இறப்பவருக்கு இந்த ஒழுங்கு பொருந்துகிறது. யுத்தம் இதை உடைத்துப் போட்டது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்த பிறகு கீரிமலையே நினைத்தபோது போக முடியாத இடமானது. உடல் இல்லை, கொள்ளி வைக்க மகன் இல்லை, இறந்த திகதி தெரியாது. எந்தத் திதியில் திவசம் செய்வது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. படிகள் உடைந்தபோது, அந்த உயிர் நடுவழியில் நின்றுவிட்டதோ என்ற பயம் வந்துவிட்டது.

இந்தப் பயம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. பிரான்ஸ் நாட்டுச் சமூகவியலாளர் ரொபேர் ஹேர்ட்ஸ் 1907இல் மரணச் சடங்குகளைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். போர்ணியோத் தீவு மக்களின் வழக்கங்களைப் பற்றிய தகவல்களை ஆராய்ந்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். உடலுக்கு நடப்பது, ஆத்மாவுக்கு நடப்பதாக நம்பப்படுவது, துக்கம் காக்கும் வீட்டாருக்கு நடப்பது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்றார். கடைசிச் சடங்கு முடியும்வரை ஆத்மா வழியில் நிற்கிறது, வீட்டாரும் ஊரை விட்டு ஒதுங்கி நிற்கிறார்கள். அது முடிந்ததும் ஆத்மா முன்னோருடன் சேர்கிறது, வீட்டார் மீண்டும் ஊருடன் சேர்கிறார்கள். இதை எழுதிய ஹேர்ட்ஸ் 1915இல் முதலாம் உலகப் போரில் கொல்லப்பட்டார்.

பல்கலைக்கழகத்தில் இதைப் பாடமாகப் படித்தேன். இதன் பொருள் விளங்கியது உங்களுடன் பழகிய பிறகுதான். அந்தியேட்டி நடக்காத வீட்டில் ஊருடன் திரும்பச் சேராமல் நிற்பது அந்தப் பெண். அவர் கலியாண வீட்டுக்குப் போவதில்லை. நல்ல சேலை உடுப்பதில்லை. முகாம் முகாமாகவும் அலுவலகம் அலுவலகமாகவும் அலைந்தவர் அவர். உயிர் அலைகிறதோ என்று ஏங்குகிறவரே அலைந்து களைத்தவராக இருக்கிறார்.

இனி, சமயங்கள் உண்மையில் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

ஆறுமுக நாவலர் (1822-1879) எங்கள் பிள்ளைகளுக்காக எழுதிய சைவ வினாவிடையில் சொர்க்கம், நரகம் பற்றிய விளக்கம் இருக்கிறது. புண்ணியத்தின் பயனைச் சொர்க்கத்திலும் பாவத்தின் பயனை நரகத்திலும் அனுபவித்து, மிகுதி வினைக்காக உயிர் மீண்டும் பூமியில் பிறக்கிறது என்பதே அதன் சாரம். இதில் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். நரகம் ஓர் உயிர் தான் செய்த வினைக்காக அனுபவிப்பது; அது எப்படி இறந்தது என்பதற்காக அல்ல. அடுத்தது, நரகம் நிரந்தர இருப்பிடம் அல்ல. எந்த உயிரையும் இறைவன் என்றென்றைக்கும் கைவிடுவதாகச் சைவம் சொல்லவில்லை.

“அப்படியெண்டால் துர்மரணம் எண்டு சொல்லுகினமே?” என்று ஒரு அக்கா கேட்டார். உண்மைதான். கிரியை பெறாத உயிர் பிரேத நிலையில் துன்பப்படும் என்று கருட புராணம் போன்ற நூல்கள் பேசுகின்றன. அதே நூல்கள் அதற்கு வழியும் சொல்லியிருக்கின்றன. உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து, அதையே உடலாகக் கொண்டு தகனம் செய்யலாம். தூரதேசம் போய்ச் செய்தியே வராதவருக்கு, பன்னிரண்டு ஆண்டுகள் பார்த்திருந்துவிட்டு அவ்வாறு செய்யலாம் என்று சில தரும நூல்கள் கூறுகின்றன. அப்படிச் செய்த பிறகு அவர் உயிரோடு வந்து வாசலில் நின்றால்? அதற்கும் விதி உண்டு. அவரைப் புதிதாகப் பிறந்தவராக எண்ணி, பிறந்த குழந்தைக்குச் செய்யும் சடங்குகளை மறுபடியும் செய்து வீட்டில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இதை முதலில் வாசித்தபோது எனக்கு மனம் நிறைந்தது. எங்களுக்கு நேர்ந்தது போன்ற நிலைமையை எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே யாரோ யோசித்திருக்கிறார்கள். உடல் இல்லை என்பதற்காக யாரையும் அவர்கள் தள்ளிவிடவில்லை. கிரியை செய்துவிட்டோமே என்பதற்காகத் திரும்பி வந்தவரையும் தள்ளிவிடவில்லை.

கத்தோலிக்கச் சகோதரிகள் நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துகிறார்கள். கல்லறை இல்லாதவர்கள் எங்கே கொளுத்துவது என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்த நாளின் பெயரே சகல ஆத்துமாக்களின் நாள். பெயர் தெரிந்தவர், தெரியாதவர், கல்லறை உள்ளவர், இல்லாதவர் எல்லோருக்குமாகத் திருச்சபை அன்று மன்றாடுகிறது. தன்னுயிரை மாய்த்துக்கொண்டவரின் குடும்பங்களும் எங்கள் மத்தியில் இருக்கின்றன. அவர்களுக்கு முன்பு தேவாலய அடக்கச் சடங்கு மறுக்கப்பட்டதுண்டு. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல், அவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது என்று போதிக்கிறது. இன்னும் பழைய பயத்தோடு இருக்கும் தாய்மார் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரிகளில் திரும்பி வந்திருப்பவர்களும் இதே ஏக்கத்தைப் பேசுவார்கள். தகப்பனின் கபுறு இங்கே, தாயின் கபுறு புத்தளத்தில். உடல் முன்னே இல்லாமலும் தொழக்கூடிய காயிப் ஜனாஸாத் தொழுகை அவர்களிடம் உண்டு. கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, நோயால் இறந்தவர்களை அடக்கம் செய்ய விடாமல் எரித்தபோது அவர்கள் பட்ட வேதனையை நாங்கள் விளங்கிக்கொள்ளாமல் வேறு யார் விளங்கிக்கொள்வது? இறந்தவருக்குரிய மரியாதையைச் செய்ய விடாமல் தடுப்பது எவ்வளவு பெரிய காயம் என்பது எங்களுக்குத் தெரியும்.

வழிகள் வேறாக இருக்கலாம். நான் அறிந்தவரையில் இந்தச் சமயங்களில் எதுவும், “உன் மகனின் உடல் உனக்குக் கிடைக்கவில்லை, ஆகவே அவன் நரகத்துக்குப் போவான்” என்று சொல்லவில்லை.

அப்படியானால் யார் சொல்கிறார்கள்? பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவர்கள்தான். “நீ செய்த பாவம்தான் புருசனைத் தின்றது” என்று மாமியார் சொல்கிறார். “உரு ஏறி” குறி சொல்பவர், உங்கள் பிள்ளை இருட்டில் தண்ணீர் கேட்டு அழுகிறான், பரிகாரம் செய்ய வேண்டும் என்கிறார். அடுத்த மாதம் அவரே, பிள்ளை உயிரோடு இருக்கிறான், வடகிழக்குத் திசையில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்கிறார். ஒவ்வொரு முறையும் காசு போகிறது. தாலிக்கொடியை அடைவு வைத்துப் பரிகாரம் செய்த சகோதரியை நான் அறிவேன். அந்தக் கொடி மீளவில்லை. சகோதரிகளே, உங்கள் துக்கத்துக்கு விலை பேசுகிறவரிடம் மறு உலகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு. அதைக் கேட்பவர்கள் இன்னும் மெதுவாகவே கேட்பார்கள். “என்ர பிள்ளை இயக்கத்திலை இருந்தவன். துவக்குத் தூக்கினவன். அவனுக்கு நரகமோ?” விரும்பிப் போன பிள்ளையும் உண்டு. வீட்டில் இருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளையும் உண்டு. அந்தத் தாய்க்கு நான் சொன்னது இதுதான். “அம்மா, கணக்குப் பார்க்கிற வேலை எங்கடை இல்லை. உங்கடை வேலை பிள்ளையை நினைக்கிறது. அதை நீங்கள் செய்யுங்கோ.” கத்தோலிக்கத் திருச்சபை பல பேரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைக்கூட அறிவித்ததில்லை. சைவத்தில் நரகத்துக்கும் முடிவு உண்டு. அவ்வளவு பெரிய சமயங்களே தீர்ப்புச் சொல்லத் தயங்கும் இடத்தில், அயல்வீட்டார் ஏன் அவசரப்பட வேண்டும்?

சிலர் நரகத்தை வேறு விதமாக நம்புகிறார்கள். “இதைச் செய்தவைக்கு நரகம் இருக்கத்தானே வேணும்?” என்று கேட்பார்கள். இங்கே நீதி கிடைக்காதவர்களுக்கு அந்த நம்பிக்கை கடைசி நீதிமன்றமாக இருக்கிறது. அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனாலும் இந்த உலகத்தில் கேட்க வேண்டிய கேள்வியை அந்த உலகத்துக்கு ஒத்திவைத்துவிடக் கூடாது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் முன்றலில் அமர்ந்த தாய்மார் அதை ஒத்திவைக்கவில்லை. அவர்களில் பலர் பதில் கிடைக்காமலேயே இறந்துவிட்டார்கள்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் வீடுகளில்தான் இந்தச் சிக்கல் மிகக் கடுமையானது. சர்வதேச செஞ்சிலுவைக் குழுவில் 1990 முதல் பதிவான காணாமற்போனோர் 16,000க்கும் அதிகம். அத்தனை வீடுகளிலும் ஒரு கேள்வி இருக்கிறது. திவசம் செய்தால் அவரை நானே சாகடித்ததாகுமோ? செய்யாவிட்டால் ஒருவேளை இறந்திருக்கும் அவரைப் பட்டினி போட்டதாகுமோ? அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்று அழைத்தார். முடிவு தெரியாத துக்கம் ஆறாமல் நிற்பது அந்தப் பெண்ணின் மனப் பலவீனம் அல்ல, அந்த நிலைமையின் இயல்பு என்பது அவர் சொன்ன முக்கியமான விடயம். “இன்னுமா அழுகிறாய்” என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

2025ஆம் ஆண்டு எங்கள் கண்முன்னே இன்னொன்றும் நடந்தது. செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கண்டெடுக்கப்பட்டன. சிறு பிள்ளைகளுடையவும் அவற்றில் இருந்தன. புத்தகப் பையும் பொம்மையும் எலும்புகளோடு கிடந்தன. அந்தப் படங்களைப் பார்த்த பிறகு எங்கள் கூட்டத்தில் ஒரு அம்மா, “சுடலைக்குள்ளை கிடந்தும் சடங்கில்லாமல் கிடந்திருக்குதுகள்” என்று சொல்லி அழுதார். அந்த எலும்புகள் யாருடையவை என்று கண்டறியப்பட்டு உரியவர் கையில் சேரும் நாளில்தான் அந்த வீடுகளில் ஹேர்ட்ஸ் சொன்ன கடைசிச் சடங்கு நடக்கும். ஆகவே உண்மையைக் கேட்பதும் பிதிர்க்கடனின் ஒரு பகுதி என்றே நான் நினைக்கிறேன்.

இனி என் நம்பிக்கையைச் சொல்கிறேன். என் அம்மம்மா சித்திரா பௌர்ணமியன்று விரதமிருந்து, கோயிலில் சித்திரகுப்தர் கதை படிக்கக் கேட்டுவிட்டு, சித்திரைக் கஞ்சியும் வாங்கிக்கொண்டு வருவார். ஒவ்வொருவருடைய நன்மை தீமையையும் அவர் ஏட்டில் எழுதுகிறார் என்று எங்களுக்குச் சொல்லுவார். சிறு வயதில் எனக்கு அந்த எழுத்தாணியில் பெரிய பயம். இப்போது அதே கதையில் எனக்கு ஆறுதல் கிடைக்கிறது. சித்திரகுப்தர் ஒருவர் செய்ததைத்தான் எழுதுகிறார், அவருக்கு நேர்ந்ததை எழுதுவதில்லை. ஷெல் விழுந்து இறந்தது அந்தப் பிள்ளை செய்த பாவம் அல்ல. அவனை எரிக்க முடியாமல் ஓடி வந்தது அந்தத் தாய் செய்த பாவம் அல்ல. ஏடு ஒவ்வொருவருக்கும் தனித்தனி என்றால், தாயின் கை செய்ய முடியாமல் போனதை மகனின் ஏட்டில் எப்படி எழுத முடியும்?

மறு உலகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் பிள்ளைகளை நரகத்தில் போடும் அளவுக்கு இறைவன் எங்களை விட இரக்கம் குறைந்தவராக இருக்க மாட்டார் என்று மட்டும் நம்புகிறேன். நீங்கள் வேறு விதமாக நம்பலாம். எதையும் நம்பாமலும் இருக்கலாம். அது உங்கள் உரிமை.

இறுதியாகச் சில நடைமுறை விடயங்கள்.

கிரியை செய்வதா, காத்திருப்பதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். மைத்துனரோ ஊரவரோ நாள் குறிக்க வேண்டியதில்லை. பொட்டை அழிக்கச் சொல்லவும், வைக்கச் சொல்லவும் அவர்களுக்கு உரிமை இல்லை. ஒரே வீட்டில் தாய் ஒன்றையும் மனைவி வேறொன்றையும் விரும்பினால், ஒருவரை ஒருவர் வற்புறுத்தாமல் இருவரும் தத்தம் வழியில் நினைவுகூரலாம்.

இறந்தார் என்று ஒப்புக்கொள்ள மனம் வராதவர்கள், அவருடைய பிறந்த நாளில் கோயிலில் ஒரு அர்ச்சனையோ தேவாலயத்தில் ஒரு பூசையோ கொடுக்கலாம். அவருக்குப் பிடித்ததைச் சமைத்து நாலு பேருக்குக் கொடுக்கலாம். உயிரோடு இருப்பவருக்கும் இது பொருந்தும், இல்லாதவருக்கும் பொருந்தும்.

கிரியை செய்தால் முறைப்பாடு அற்றுப்போய்விடும் என்று பயப்படாதீர்கள். கிரியை வேறு, சட்டம் வேறு. மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாதவர்களுக்காக, ஆளைக் காணவில்லை என்பதற்கான சான்றிதழை வழங்கும் ஏற்பாடு 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தில் வந்தது. உதவிக் கொடுப்பனவுகளுக்கும், பிள்ளைகளின் பொறுப்புக்கும், சொத்து விடயங்களுக்கும் அது பயன்படும். உங்கள் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். எந்தக் கடதாசியிலும் வாசித்து விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

அயலில் இப்படி ஒரு பெண் இருந்தால், அவரிடம் நரகத்தைப் பற்றிப் பேசாதீர்கள். எட்டுச்செலவுக்குப் போவது போல ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய், போனவரின் பெயரைச் சொல்லி, அவர் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லச் சொல்ல இருந்து கேளுங்கள்.

உங்கள் எண்ணங்களை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.